பால் காய்ச்சிய வீடு

எனக்கு முதலில் துரோகம் செய்தவன் தேசிங்கு. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். இந்த பிளாக்கில் நீங்கள் வேறு யாரைக் கேட்டாலும் இந்தக் கோதண்டம்தான், நான்தான் பொல்லாதவன் என்பார்கள். சொல்லட்டும். ஆரம்பித்தது யார் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

உட்காருங்கள் சார். அந்தப் பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். பழப் பையைக் கீழே வைக்காதீர்கள், இங்கே தண்ணீர் ஓடும். என்ன தண்ணீர் என்று கேட்காதீர்கள். மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், மாடிப்படிக்குக் கீழே நாலு பையன்கள் புகை விட்டுக்கொண்டு நிற்கிறார்களே, அந்தப் பக்கம் பார்க்காதீர்கள். முக்கியமாகச் சிவப்பு பனியன்காரனைப் பார்க்காதீர்கள்.

நீங்கள் கேட்ட வீடு அதோ, அந்தப் பச்சைக் கதவு. தேசிங்கு வீடு. உள்ளேதான் இருக்கிறான். சன்னல் திறந்திருக்கிறது பாருங்கள், கம்பிக்குப் பின்னால் கட்டில் கால் தெரிகிறதே, அதில்தான் படுத்திருக்கிறான். பக்கவாதம். காது நன்றாகக் கேட்கும். வாய்தான் வராது. அதனால் நாம் பேசுவதற்கு ஒன்றும் தடையில்லை.

பெண் விஷயமாகத்தானே வந்திருக்கிறீர்கள்? சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும். தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு இங்கே வருகிறவர் ஒன்று கோர்ட் ஆளாக இருப்பார், இல்லாவிட்டால் பெண்ணைப் பற்றி விசாரிக்க வந்தவராக இருப்பார். கோர்ட் ஆள் பழம் வாங்கி வர மாட்டார். நீங்கள் 'ஏனுங்க' என்று கூப்பிட்டபோதே கோயமுத்தூர்ப் பக்கம் என்று தெரிந்துவிட்டது. நிரோஷா அங்கேதானே நர்ஸ் வேலை பார்க்கிறாள்.

மாப்பிள்ளை உங்களுக்கு என்ன வேண்டும்? அக்கா மகனா. அப்படியானால் தாய்மாமன். நீங்கள் சரி என்றால்தான் அந்த வீட்டில் எதுவும் நடக்கும். சரியான ஆளைத்தான் அனுப்பியிருக்கிறார்கள். நேராகப் போய்க் கதவைத் தட்டாமல் நாலு பேரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று தோன்றியதே, அதுதான் பெரிய மனுஷத்தனம்.

பெண் நல்ல பெண். இதை நான் யாரிடமும் மாற்றிச் சொன்னதில்லை.

நாங்கள் இந்த இடத்துக்காரர்கள் இல்லை. ஆற்றங்கரையில் குடிசை போட்டிருந்தோம். அவன் குடிசைக்கும் என் குடிசைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். என்னை அண்ணா என்பான். மார்க்கெட்டில் ஒன்றாக மூட்டை தூக்கினோம். ஆற்றைச் சுத்தம் பண்ணுகிறோம் என்று ஒரு நாள் எங்களைச் சுத்தம் பண்ணினார்கள். இங்கே வீடு கொடுக்கக் குலுக்கல் போட்டார்கள். அவனுக்கு அந்தக் கீழ்வீடு விழுந்தது. எனக்கு மூன்றாவது மாடி. அதற்காக நான் வருத்தப்படவில்லை. அப்போது எனக்கு இரண்டு காலும் இருந்தன.

லாரியில் சாமான் வந்து இறங்கிய அன்றைக்கு அவன் பீரோ. இரும்பு பீரோ. மாமனார் சீராகக் கொடுத்தது, அவன் வீட்டில் உருப்படியாக இருந்த ஒரே சாமான். "ணா, ஒரு கை குடுணா" என்றான். கொடுத்தேன். பலகையிலிருந்து சறுக்கி வந்து என் முட்டியின் மேல் உட்கார்ந்தது பீரோ. இதோ, வேட்டியைத் தூக்கிக் காட்டுகிறேன். வேண்டாமா? சரி. எல்லோரும் இப்படித்தான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் என் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதான். "கீழ் வூட்ட நீ எடுத்துக்கணா. நான் மேல போறேன். எனக்கு இன்னா, ரெண்டு காலும் நல்லாத்தானே கீது" என்றான். நான் கேட்கவில்லை சார். அவனாகச் சொன்னான். இதை நன்றாக மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்கவே இல்லை.

கட்டுப் போட்ட காலோடு ஆட்டோவில் வந்து இறங்குகிறேன். வாசலில் கோலம். உள்ளே அவன் பெண்சாதி சகுந்தலா பால் காய்ச்சி முடித்து டம்ளரில் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினாள். தேசிங்கு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "பால் காச்சின வூட்ட மாத்தக் கூடாதாம்ணா. இவ சொல்றா. கொழந்த கீற வூடு பாரு."

அந்தக் குழந்தைதான் நீங்கள் விசாரிக்க வந்த பெண். அம்மா இடுப்பில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் அந்தப் பாலைக் குடித்தேன். குடித்திருக்கக் கூடாது. அவன் காலடியில் ஊற்றியிருக்க வேண்டும். இன்றைக்கும் அது ஒன்றுதான் எனக்கு உறுத்தல்.

சகுந்தலா இப்போது இல்லை. நிரோஷா பள்ளிக்கூடம் போகும்போதே காய்ச்சலில் போய்விட்டாள். செத்தவளைப் பற்றிப் பேசக் கூடாது. ஆனால் பாலைக் காய்ச்சியவள் அவள்தான்.

மூன்றாவது மாடிக்கு நான் எப்படி ஏறுகிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை. ஒருவரும் கேட்பதில்லை. படியில் உட்கார்ந்து, முதுகுப் பக்கமாக, கையை ஊன்றி ஊன்றி ஏறுவேன். இறங்குவதும் அப்படியே. குழந்தைகள் பின்னாலேயே செய்து காட்டிக்கொண்டு வரும். அதனால் காலையில் ஒரு தரம் இறங்கினால் பொழுது சாயும்வரை இந்த நாற்காலிதான். அவன் கதவு அங்கே, என் நாற்காலி இங்கே. வெளியிலிருந்து யார் வந்தாலும் முதலில் என்னைத்தான் பார்ப்பார்கள், என்னைத்தான் கேட்பார்கள். அதற்கு நான் என்ன செய்ய? சொன்னபடி வீட்டைக் கொடுத்திருந்தால் நான் பாட்டுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்திருப்பேன்.

நிரோஷாவா? சின்னதில் ஒட்டுதலாக இருந்தாள். பெரிப்பா பெரிப்பா என்பாள். என் பெண்சாதி வசந்தா மேலே சோறாக்கி வைத்தால், பள்ளிக்கூடம் விட்டு வந்து தூக்கை இறக்கிக்கொண்டு வருவது அவள்தான். பெரிய உதவி என்று சொல்வார்கள். என் வீட்டில் உட்கார்ந்திருக்கிறவர்கள் என் சோற்றை இறக்கித் தருவதில் உதவி எங்கே வந்தது?

அப்படி ஒரு நாள் தூக்கை வைத்துவிட்டு நிற்கிறாள். எதிர் பிளாக்கில் எவனோ எவனையோ பாட்டிலால் அடித்துக்கொண்டிருக்கிறான். "பெரிப்பா, நான் பெருசானதும் இங்க இருக்க மாட்டேன். சன்னலத் தொறந்தா சண்ட கேக்காத ஊரா பாத்துப் போயிடுவேன்" என்றாள்.

"போயிட்டா என் சோத்த எவன் எறக்குவான்?"

"உங்களயும் கூட்டினு போவேன். லிப்ட் வச்ச வூடா பாக்கறேன். நீங்க மேல கீழ மேல கீழ போயினே இருக்கலாம்."

சின்னப் பிள்ளைதான். ஆனால் சொன்னாள். நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள். அப்பனைப் போலவே.

வளர வளர அந்தப் புத்தி முற்றிவிட்டது. எப்போதும் போய்விட வேண்டும், போய்விட வேண்டும். நர்ஸ் படிப்புக்குப் போனபோது காலேஜ் வேனை பெட்ரோல் பங்கிலேயே நிறுத்தி இறங்கி நடந்து வருவாள். வீடு எங்கே என்று கேட்டால் 'பங்குக்குப் பின்னாடி' என்பாளாம். பொய் இல்லை. பின்னாடிதான் இருக்கிறோம், ரொம்பப் பின்னாடி. ஒரு சிநேகிதியையும் இங்கே கூட்டி வந்ததில்லை. ஷூவில் சேறு பட்டால் வாசலிலேயே கழுவித் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போவாள். நாங்களெல்லாம் அவளுக்குச் சேறு.

வசந்தா செத்ததும் மேலேதான். நெஞ்சு வலி. ஆம்புலன்ஸ்காரர்களின் ஸ்ட்ரெச்சர் அந்தப் படியில் திரும்பவில்லை. நாற்காலியில் வைத்துக் கட்டி இறக்கினார்கள். பகலிலேயே இருட்டாக இருக்கும் படி. நிரோஷா செல்போன் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு முன்னால் இறங்கினாள், ஒரு கையால் வசந்தா தலையைத் தாங்கிக்கொண்டு. இரண்டாவது மாடி திரும்பும்போதே முடிந்துவிட்டது. கீழ்வீடாக இருந்திருந்தால்? நீங்களே சொல்லுங்கள். இந்தக் கேள்வியை நான் தேசிங்கிடம் பிணத்தை வைத்துக்கொண்டே கேட்டேன். பதில் சொல்லவில்லை. அப்போது வாய் நன்றாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் நிரோஷா எங்கெங்கோ அலைந்து ஒரு அதிகாரியைக் கூட்டி வந்தாள். பக்கத்து பிளாக்கில் கீழ்வீடு ஒன்று காலியாக இருக்கிறது, தாத்தாவுக்குத் தரலாம் என்றார் அவர். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு வேண்டியது கீழ்வீடு இல்லை சார். அந்த வீடு.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். மாப்பிள்ளைக்குச் சொந்த வீடா? அப்பார்ட்மெண்டா. எந்த மாடி? நாலாவதா. ஏறி இறங்குவது எப்படி?

லிப்ட் இருக்கிறதா.

ம்.

கல்யாணத்துக்கப்புறம் தேசிங்கு இங்கே தனியாகவா கிடப்பான்? இப்போது பக்கத்து வீட்டுக்காரிதான் கஞ்சி கொடுக்கிறாள். ஓ, அவனையும் அங்கேயே கூட்டிப் போவதாகப் பேச்சா. அவளே கேட்டாளா. மாப்பிள்ளையும் சரி என்றுவிட்டாரா. தங்கமான பிள்ளை. அப்படியானால் தேசிங்கு லிப்டில் போவான். சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, பொத்தானை அழுத்தி.

இருங்கள், எழுந்திருக்காதீர்கள். பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது. டில்லிபாபு விஷயம் உங்களுக்குத் தெரியும்தானே?

தெரியாதா? நிரோஷா சொல்லவில்லையா? சொல்லியிருப்பாள் என்றல்லவா நினைத்தேன். அப்படியானால் நான் வாயைத் திறந்தது தப்பு. விட்டுவிடுங்கள்.

சரி, இவ்வளவு கேட்கிறீர்கள். மறைத்தால் நாளைக்கு என்னைத்தான் சொல்வீர்கள்.

டில்லிபாபு இந்த பிளாக்குப் பையன். கஞ்சா விற்பான். ஒரு சாயங்காலம் ஒரு கூட்டம் வந்து வெட்டியது. இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான். எழுந்திருக்க வேண்டாம், எப்போதோ கழுவியாகிவிட்டது. எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சாத்திக்கொள்ள எனக்குக் கதவு இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்தேன். போலீஸ் கேட்டபோது கண் மங்கல் என்று சொல்லிவிட்டேன். என் வயதுக்கு நம்புவார்கள்.

அவள் ஒருத்திதான் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். துப்பட்டாவை அவிழ்த்து அவன் வயிற்றில் அழுத்திக்கொண்டு, "பெரிப்பா, யாரயாவது கூப்பிடுங்க, கத்துங்க பெரிப்பா" என்று அலறினாள். நான் எதற்குக் கத்த வேண்டும்? போலீஸ் ஜீப் வந்தது. பையனைத் தூக்கிப் போட்டார்கள். கையை எடுத்தால் ரத்தம் நிற்காது என்று அவளும் ஏறினாள். வழியிலேயே அவள் மடியில் போய்விட்டான். நர்ஸ் படிக்கிற பெண், செய்தாள், அவ்வளவுதான் என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்கிறேன். திரும்பி வந்து அவ்வளவு அழுதாளே, அவன் இவளுக்கு யார் என்று கேட்டவர்களும் உண்டு. அந்தப் பேச்சுக்கே நான் போவதில்லை. நான் கீழே உட்கார்ந்திருக்கிறவன். எனக்கு என்ன தெரியும்?

யார் வெட்டியது என்று சன்னல் வழியாகப் பார்த்ததைப் பார்த்தபடி போலீசிடம் சொல்லிவிட்டாள். அதுதான் அவளுடைய முட்டாள்தனம். இங்கே யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கேஸ் இன்னும் நடக்கிறது. அவள்தான் சாட்சி. வாய்தா போட்டால் வந்துதான் ஆக வேண்டும், கல்யாணம் ஆனாலும், பிள்ளை பெற்றாலும். வெட்டியவர்களில் இரண்டு பேர் ஜாமீனில் வந்துவிட்டார்கள். சிவப்பு பனியனைப் பார்க்காதீர்கள் என்று ஏன் சொன்னேன் என்று நினைத்தீர்கள்?

இப்போதும் பார்க்காதீர்கள் சார். திரும்பாதீர்கள்.

கோயமுத்தூர் ஒரு ராத்திரி ரயில்தானே. மாப்பிள்ளை வீட்டு விலாசம் அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. என்னிடம் சொல்லியும் வைக்காதீர்கள். வருகிறவன் போகிறவன் எல்லாம் என்னைத்தான் கேட்கிறான்.

அந்த வெட்டு நடந்து கொஞ்ச நாளில் போனும் கையுமாக ஒரு பையன் வந்தான். படிப்பு முடிந்து நிரோஷாவுக்குப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. ஹாஸ்டலும் உண்டு. அப்பனுக்கும் பக்கத்திலேயே ஒரு அறை பார்த்துவிட்டாள். மூட்டை கட்டி வைத்துவிட்டாள் என்றால் பாருங்கள். சேர்த்துக்கொள்வதற்கு முன்னால் ஆள் எப்படி, இடம் எப்படி என்று பார்த்து வர அவனை அனுப்பியிருந்தார்கள். பச்சைக் கதவைப் படம் பிடித்தான். "தாத்தா, இந்த வீட்டு ஆளுங்க மேல போலீஸ் பிரச்சன எதாவது உண்டா?" என்று கேட்டான்.

"அந்தப் பொண்ணு போலீஸ் ஜீப்புல ஏறிப் போனதப் பாத்தேன்" என்றேன்.

ஏறினாளா இல்லையா? ஏறினாள். ஏன் ஏறினாள் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. போனில் எதையோ தட்டிவிட்டுப் போய்விட்டான். வேலையும் போய்விட்டது.

அன்றைக்கு அவள் வந்து என் முன்னால் நின்றாள். அழவில்லை. "பெரிப்பா, அவன்கிட்ட என்ன சொன்னீங்க?"

"கேட்டதுக்குச் சொன்னேன்."

"நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்?"

என்ன செய்யவில்லை என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அப்புறம், "வீட்ட எடுத்துக்குங்க. இன்னிக்கே மாத்திக்கலாம். நானும் அப்பாவும் மேல போறோம். இனிமே யார் வந்து கேட்டாலும் ஒண்ணும் சொல்லாம இருங்க, அது போதும்" என்றாள்.

"உங்கப்பன் வந்து கேக்கட்டும்."

வந்தான் சார். மறுநாள் காலையில், பெண்களெல்லாம் குடத்தோடு அடிபம்பில் நிற்கும் நேரம் பார்த்து வரச் சொல்லியிருந்தேன். வந்து நின்றான். கையெடுத்துக் கும்பிட்டான். "ணா, நான் செஞ்சது தப்புதான். வூட்ட எடுத்துக்க. எம் பொண்ண வுட்டுடு, அது போவட்டும்." பம்பு அடிக்கிற சத்தம் நின்றுவிட்டது. அவ்வளவு பேரும் பார்த்தார்கள்.

எத்தனை வருஷம் அந்த ஒரு நிமிஷத்துக்காக உட்கார்ந்திருந்தேன் தெரியுமா? ஆனால் வந்ததும் ஒன்றும் இல்லை. காலியாக இருந்தது. பசித்தவனுக்கு நேற்றைய சோற்றைக் கொண்டு வந்து வைத்த மாதிரி.

"பால் காச்சின வூட்ட மாத்தக் கூடாதுடா" என்றேன். "நான் ஏறின படியெல்லாம் எறக்கிக் குடு. அப்பறம் வூட்டப் பத்திப் பேசலாம்."

அடிபம்பில் யாரோ சிரித்தார்கள். அவன் கும்பிட்ட கையை இறக்கத் தெரியாமல் அப்படியே திரும்பிப் போனான். அந்த மழைக்காலத்திலேயே வாய் கோணி, கை கால் விழுந்துவிட்டது. என்னால்தான் என்கிறார்கள். நான் தொட்டேனா? நாற்காலியை விட்டு எழுந்தேனா?

அப்புறம் அவள் யாரும் ஆள் அனுப்பி விசாரிக்காத ஒரு சின்ன ஆஸ்பத்திரியாகப் பார்த்துக் கோயமுத்தூர் போய்விட்டாள். லீவு கிடைத்தால் வருவாள். அப்பனைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, ஷூவைத் துடைத்துக்கொண்டு போவாள். என்னைத் தாண்டித்தான் போக வேண்டும், வேறு வழி கிடையாது. முன்பெல்லாம் பெரிப்பா என்பாள். இப்போது ஷூ சத்தம்தான். நான் செருமுவேன். திரும்ப மாட்டாள். இவ்வளவு தெரிந்தவனிடம் ஒரு வார்த்தை பேசினால் என்ன குறைந்துவிடும்? போன தடவை ரொம்பச் சிரித்த முகமாக இருந்தாள். அப்போதே நினைத்தேன், எவனோ சரி என்று சொல்லியிருக்கிறான், சீக்கிரம் ஒரு தேய்த்த சட்டை வரும் என்று.

எழுந்துவிட்டீர்களா? பச்சைக் கதவு அந்தப் பக்கம் சார். நீங்கள் ரோட்டைப் பார்த்து நிற்கிறீர்கள். உள்ளே போய் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகலாமே. அவன் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். ஏதோ சத்தம் வருகிறது பாருங்கள், டம்ளரைத் தட்டுகிறான். கூப்பிடுகிறான் போல. பேச நினைத்தால் அப்படித்தான் தட்டுவான்.

பஸ் போய்விடுமா. சரி. உங்கள் இஷ்டம். நான் போகச் சொல்லவில்லை. பெண் நல்ல பெண் என்றுதான் சொன்னேன், அதையும் மறக்காமல் அக்காவிடம் சொல்லுங்கள்.

பழத்தை என்னிடமா கொடுக்கிறீர்கள்? அவர்களுக்கு வாங்கியதாயிற்றே. வையுங்கள். ஆரஞ்சு. சாப்பிட்டு வெகு நாளாயிற்று. ஆனால் இதை நான் அவள் கணக்கில் கழிக்க மாட்டேன். இது நீங்கள் கொடுத்தது.

பையன்கள் பக்கம் போகாதீர்கள், இப்படி ஓரமாகப் போங்கள். ஊருக்குப் போனதும் அவளைப் பார்ப்பீர்கள்தானே? கோதண்டம் பெரிப்பா இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லுங்கள். அடுத்து எந்த மாப்பிள்ளை வீட்டார் வந்தாலும் இங்கேதான் இருப்பேன் என்று சொல்லுங்கள். கால் இருந்தால்தானே நான் எங்கேயாவது போக.

டேய் தேசிங்கு, தட்டாதே. அவர் போயிட்டாரு. லிப்ட் வச்ச வூடாம்டா, நாலாவது மாடியாம். அது எனக்குத் தரேன்னு உன் பொண்ணு சொன்னது. இன்னும் வரல.